மெய் தேடியவரும் ஆவி கண்டவரும்

துப்பறியும் கதையும் பேய்க் கதையும் ஒரே தெருவில் குடியிருப்பவை. எனினும் ஒன்றின் வாயிலை மற்றொன்று மிதிப்பதில்லை. துப்பறியும் கதையில் மண்ணில் பதிந்த ஒவ்வோர் அடிச்சுவட்டுக்கும் உரிய கால் இருந்தாக வேண்டும். பேய்க் கதையிலோ கால் இல்லாமலேயே சுவடு பதியும். 1929ஆம் ஆண்டில் ஆங்கில எழுத்தாளர் ரானல்ட் நாக்ஸ் துப்பறியும் கதைக்குப் பத்து விதிகள் வகுத்தபோது, இயற்கை கடந்த ஆற்றல்களுக்கு அதில் இடமில்லை என்று திட்டமாக விலக்கி வைத்தார். அவ்விதி வெளிவந்த மூன்றாம் ஆண்டில் வங்க மொழியில் ஒரு துப்பறிவாளர் பிறந்தார். அவரைப் படைத்தவர் அதற்கு முன்பே பேய்க் கதை எழுதப் பழகியவர். விலக்கி வைக்கப்பட்ட இரண்டையும் ஒரே நெஞ்சில் நாற்பதாண்டுக் காலம் வளர்த்து, இறுதியில் இரண்டையும் ஒரே அறையில் அமர வைத்துப் பேசச் செய்த அவர், சரதிந்து பந்தோபாத்யாய்.

கங்கைக் கரையில்

சரதிந்து 1899ஆம் ஆண்டு மார்ச் 30ஆம் நாள் ஜவுன்பூரில் பிறந்தார். தந்தையார் தாராபூஷண் வழக்கறிஞர். தாயார் பிஜலிப்பிரபா. குடும்பத்தின் பூர்விகம் கல்கத்தாவை அடுத்த பராநகரம் என்றாலும், சரதிந்துவின் இளமை பீகாரில் கங்கைக் கரையில் அமைந்த முங்கேர் நகரில் கழிந்தது. நவாப் மீர் காசிம் சில காலம் தலைநகராகக் கொண்டிருந்த ஊர் அது. பழைய கோட்டை, சிதைந்த மதில், ஆற்றங்கரை, மாலை மங்கியதும் ஆளரவம் அற்றுப்போகும் பாதைகள் ஆகிய அனைத்தும் கற்பனை மிக்க சிறுவனுக்குக் கதை சொல்லக் காத்திருந்தன. வங்கத்துக்கு வெளியே வாழும் வங்காளியாக வளர்ந்தமையால், தாய்மொழியைத் தெருவில் கேட்டதைக் காட்டிலும் வீட்டிலும் நூலிலுமே மிகுதியாகப் பெற்றார். அவருடைய உரைநடையில் நாம் காணும் தூய்மைக்கும் கட்டுக்கோப்புக்கும் இதுவும் ஒரு காரணமாகலாம்.

1915இல், பள்ளிப் படிப்பு முடிந்த பதினாறாம் வயதில், அவர் எழுதிய கதை ‘பிரேதபுரி’. அதில் தோன்றிய பாத்திரம் வரதா. அப்பெயர் வங்காளியர் நாவில் பரோதா என ஒலிக்கும். பரோதா முங்கேர்வாசி, பேயைத் தேடிச் செல்பவர், கண்டதையும் கேட்டதையும் மன்றத்து நண்பர்களிடம் சுவைபடச் சொல்பவர். அந்த நண்பர் குழாத்தில் அமூல்யன் என்று ஒருவர் உண்டு. பரோதா வாய் திறந்தவுடன் இடைமறித்து மறுப்பதே அவர் வேலை. பேய்க் கதை எழுதத் தொடங்கிய சரதிந்து, அக்கதைகளுக்குள்ளேயே ஐயம் எழுப்பும் ஒருவரையும் அமர வைத்தார். நம்புகிறவரின் குரலும் நம்ப மறுப்பவரின் குரலும் அவரிடத்தில் ஒருங்கே ஒலித்தன என்பதற்கு இதுவே முதற் சான்று.

உயர்கல்விக்காகக் கல்கத்தா சென்ற அவர் வித்யாசாகர் கல்லூரியில் பயின்றார். 1918இல் பாருல் அம்மையாரை மணந்தார். மாணவராக இருக்கும்போதே அவருடைய முதல் நூல் வெளிவந்தது. அது கவிதைத் தொகுதி என்பதைக் கவிஞர்கள் மகிழ்ச்சியோடு நினைவிற் கொள்ளலாம். பிற்காலத்தில் கவிதை அவருடைய முதன்மைத் துறையாக நிலைக்கவில்லை. ஆயினும் சொல்லை எடைபோட்டு வைக்கும் பழக்கமும், ஓர் உவமையால் ஒரு முகத்தை வரைந்துவிடும் திறமும் அந்தத் தொடக்கத்தின் கொடைகளே. பின்னர்ப் பாட்னாவில் சட்டம் பயின்று, தந்தையார் வழியில் வழக்கறிஞர் தொழிலில் இறங்கினார். தொழில் வருமானம் தரத்தக்கது. குடும்பமோ அத்தொழிலில் பெயர் பெற்றது. எனினும் சில ஆண்டுகளுக்குள் அங்கியைக் களைந்துவிட்டு எழுத்தையே நம்பி வாழத் துணிந்தார். மனைவி மக்களோடு வாழ்ந்த ஒருவருக்கு அந்நாளில் அது எளிய முடிவன்று.

விடுதி அறையில் பிறந்தவர்

கைவிட்ட தொழில் வீணாகவில்லை. சான்று என்றால் என்ன, ஊகம் எங்கே முடிகிறது, மெய்ப்பிப்பு எங்கே தொடங்குகிறது என்பவற்றைச் சட்டம் அவருக்குக் கற்பித்திருந்தது. 1932இல் ‘பதேர் காண்டா’ என்னும் கதை வெளிவந்தது. தெருவில் நடந்து செல்வோர் நெஞ்சில் கிராமபோன் ஊசி தைத்து மாண்டு விழும் விந்தையைத் துலக்க வந்தவர் பியோம்கேஷ் பக்ஷி. வியோமகேசன் என்பது வானையே சடையாகக் கொண்ட சிவபெருமானின் திருப்பெயர். அவருடைய நண்பரும் கதை சொல்லியுமான அஜித்துக்கு ஆசிரியர் தம் குலப்பெயரையே சூட்டினார்.

மூன்றாவதாக எழுதப்பட்ட ‘சத்யான்வேஷி’யில்தான் இருவரும் முதன்முதலாகச் சந்திக்கின்றனர். கல்கத்தாவில் வேலைக்கு வந்த தனியாட்கள் தங்கும் ஒரு விடுதி. அங்கே பொய்ப் பெயரில் வந்து சேரும் இளைஞர். அடுத்தடுத்து நிகழும் கொலை. சரதிந்து தாமே மாணவப் பருவத்தில் அத்தகைய விடுதியில் தங்கியவர். பொதுச் சமையல், படிக்கட்டில் கேட்கும் காலடி, சுவருக்கு அப்பால் இருப்பவர் யாரென்றே அறியாத நகர வாழ்வு ஆகியவற்றை உள்ளிருந்து அறிந்தவர். ஆகவே இலண்டன் மூடுபனியைக் கடன் வாங்க வேண்டிய தேவை அவருக்கு நேரவில்லை. கானன் டாயிலின் வழியில் நடந்தவர்தாம். எனினும் நடந்த தெரு ஹாரிசன் சாலை.

பியோம்கேஷுக்குத் துப்பறிவாளர் என்று அழைக்கப்படுவது பிடிப்பதில்லை. தம் வீட்டு வாயிலில் பெயரின் கீழ்ச் சத்யான்வேஷி, அதாவது மெய்தேடி, என்றே பொறித்து வைத்திருந்தார். வெறும் சொல் மாற்றம் என்று இதனைக் கடந்துவிடலாகாது. குற்றவாளியைப் பிடிப்பது ஒரு பணி. மெய்யைக் காண்பது வேறொரு பணி. குற்றவாளி பிடிபட்டால் முதற்பணி முடிந்துவிடும். மெய்யோ அவ்விடத்தில் நிற்பதில்லை. குற்றம் ஏன் பிறந்தது, எந்த ஆசை அதற்குப் பால் வார்த்தது, சட்டத்தின் கை எட்டும் இடம் எது, எட்டாத இடம் எது என்று மேலும் மேலும் கேட்கும். அப்பெயரை ஏற்ற ஒருவர், தம் அறிவுக்கு ஒவ்வாத மெய் ஒன்று எதிரே வந்து நின்றால் என்ன செய்வார்? இக்கேள்வியை ஆசிரியர் அப்போதே உணர்ந்தாரோ இல்லையோ, பெயருக்குள் அது விதையாகக் கிடந்தது.

முங்கேரில் ஒரு சந்திப்பு

1936இல் அவ்விதை முதன்முறையாக முளைவிட்டது. ‘பியோம்கேஷும் பரோதாவும்’ என்னும் கதையில், பியோம்கேஷும் அஜித்தும் காவல்துறை நண்பர் ஒருவரின் விருந்தினராக முங்கேருக்குச் செல்கின்றனர். நகை வணிகர் ஒருவர் கொலையுண்ட வீட்டில், அவர் ஆவி சன்னலில் தோன்றுவதாக ஊரார் அஞ்சுகின்றனர். பேய் அறிவில் வல்ல பரோதா அதனை ஆவி என்றே உறுதிப்படுத்துகிறார். பதினாறு வயதில் தாம் படைத்தவரையும் முப்பத்து மூன்றில் தாம் படைத்தவரையும், தாம் வளர்ந்த ஊரிலேயே எதிரெதிரே நிறுத்தினார் சரதிந்து. தீர்ப்புப் பியோம்கேஷின் பக்கம் சென்றது. சன்னலில் தெரிந்தது மனிதரின் சூழ்ச்சி என்று மெய்ப்பிக்கப்பட்டது. பகுத்தறிவு வென்றது, பரோதா தோற்றார். ஆனால் அத்தோல்வியில் ஏளனம் இல்லை. பரோதா ஏமாற்றுக்காரராகவோ மூடராகவோ காட்டப்படவில்லை. அன்பும் நேர்மையும் உடையவர், இம்முறை தவறிவிட்டவர், அவ்வளவே. தாம் படைத்த ஒருவரைக் கொண்டு மற்றொருவரை அவமதிக்க ஆசிரியர் விரும்பவில்லை.

முதல் பத்துக் கதைகளோடு பியோம்கேஷ் ஓய்ந்தார். வாசகர்களுக்குத் துப்பறியும் கதைகள் போதும் என்று ஆசிரியர் கருதினார். வாழ்க்கையும் வேறு திசையில் அழைத்தது. 1938இல் ஹிமான்ஷு ராயின் அழைப்பை ஏற்றுப் பம்பாய் சென்று, பாம்பே டாக்கீஸ் நிறுவனத்தில் கதை எழுதும் பணியில் அமர்ந்தார். அவருடைய ‘விஷேர் தோயா’ என்னும் கதை அவ்வாண்டே ‘பாபீ’ என்னும் இந்திப் படமாயிற்று. திரைக்கதைத் தொழில் குடும்பத்துக்கு நிலையான ஊதியம் தந்தது. அதற்கு ஈடாக அவர் கொடுத்தது காலம். ஏறக்குறையப் பதினைந்து ஆண்டுகள் பியோம்கேஷின் குரல் வங்க மொழியில் ஒலிக்கவில்லை.

மீண்டும் அது ஒலித்தமைக்கு வாசகர்களே காரணம். கல்கத்தா சென்றிருந்தபோது, புதிய தலைமுறைப் பிள்ளைகள் பியோம்கேஷ் எங்கே என்று கேட்டது அவர் உள்ளத்தைத் தொட்டது. 1951இல் ‘சித்ரசோர்’ எழுதினார். 1952இல் திரைத்துறையை விட்டு நீங்கிப் புனேயில் குடியேறி, எஞ்சிய வாழ்நாளை எழுத்துக்கே ஒப்படைத்தார். திரும்பி வந்த பியோம்கேஷ் பழைய இளைஞர் அல்லர். ஒரு வழக்கிடையே சந்தித்த சத்தியவதியை மணந்து, மகனுக்குத் தந்தையாகி, வரவு செலவு பார்த்து, பின்னாளில் சொந்த வீடு கட்டவும் முயலும் இல்லறத்தார். ஷெர்லாக் ஹோம்ஸ் குடும்பத் தளை அற்றவர். பியோம்கேஷோ வீடு திரும்ப வேண்டியவர். வீடு உள்ளவருக்குத்தான் பிறர் வீடு இடிவதன் துயரம் முழுமையாகத் தெரியும்.

சஹ்யாத்ரி விடுதியில்

புனேயிலிருந்து மலையேறினால் மகாபலேஷ்வர். கோடையில் மக்கள் நிறையும் அவ்வூர் குளிர்காலத்தில் ஓய்ந்து கிடக்கும். 1959இல் எழுதப்பட்ட ‘சைலரகசியம்’ என்னும் நெடுங்கதைக்கு ஆசிரியர் தேர்ந்தது அந்த இடமும் அந்தப் பருவமுமே. ஆட்கள் போய்விட்ட மலை விடுதியின் பெயர் சஹ்யாத்ரி. உரிமையாளர் ஒரு பார்சிப் பெரியவர். பணி நிமித்தம் மேற்குக் கரைக்கு வந்த பியோம்கேஷ் அங்கே தங்குகிறார். வழக்கமாகக் கதை சொல்லும் அஜித் இம்முறை கல்கத்தாவில் இருக்கிறார். ஆகவே நிகழ்ந்ததைப் பியோம்கேஷே கடிதமாக எழுதுகிறார்.

இந்த ஏற்பாட்டின் நுட்பம் ஊன்றி நோக்கத்தக்கது. ஆவியைக் கண்டதாக அஜித் சொல்லியிருந்தால், எழுத்தாளரின் மிகை என்று தள்ளிவிடலாம். பரோதா சொல்லியிருந்தால் சொல்லவே வேண்டியதில்லை. ஐயுறுவதையே தொழிலாகக் கொண்டவர், தம் கையெழுத்தில், தம் உயிர் நண்பருக்கு எழுதும்போது வாசகர் எங்கே ஒதுங்குவது? இருபத்து மூன்று ஆண்டுகளுக்கு முன் முங்கேரில் சன்னலில் தெரிந்த ஆவியை மனிதர் என்று காட்டிய அதே பியோம்கேஷ், மலை விடுதியில் உடலற்ற ஒருவரின் முறையீட்டுக்குச் செவி சாய்க்கிறார். அங்கே நிகழ்ந்த பழைய கொடுமை ஒன்றுக்கு நீதி கேட்கிறது அந்த ஆவி. அதற்கு வாயில்லை, வழி காட்ட மட்டும் இயலும். உயிரோடிருப்பவர் அவ்வழியே சென்று உலகம் ஏற்கும் சான்றைத் தேட வேண்டும். அஜித்தும் கல்கத்தாவில் தம் பங்குக்கு அலைகிறார். முடிச்சு எவ்வாறு அவிழ்கிறது என்பதைப் படிக்காதவர் பொருட்டு இங்கே விடுத்தல் முறை.

பகுத்தறிவின் தோல்வி என்று சிலர் இக்கதையைக் கருதலாம். கூர்ந்து பார்த்தால் அவ்வாறு தோன்றவில்லை. ஆவி சுட்டலாம், சான்று கூற இயலாது. எந்த நீதிமன்றமும் அதன் வாக்குமூலத்தைப் பதிவு செய்யாது. சட்டம் பயின்ற சரதிந்து இதனை நன்கு அறிவார். எனவே மாயத்தால் வழக்கை முடிக்கும் எளிய வழியை அவர் நாடவில்லை. நாக்ஸ் விலக்கியது வாசகரை ஏமாற்றும் மாயத்தை; சரதிந்து சேர்த்ததோ பொறுப்பைக் கூட்டும் மாயத்தை. ஆவி வந்ததால் துப்பறிவாளரின் பணி குறையவில்லை. இறந்தவருக்குக் கடன்பட்டவராகிப் பணி மிகுந்தது. ஒருவகையில் எல்லாக் கொலைக் கதைகளிலும் இதுவே நிகழ்கிறது. மாண்டவர் பேச இயலாமையால்தான் மெய்தேடி பேச வேண்டியிருக்கிறது. மற்றக் கதைகள் மறைபொருளாகக் கொண்டதைச் ‘சைலரகசியம்’ உருவாக்கிக் காட்டியது.

நம்பிக்கையைப் பொறுத்தவரை ஆசிரியர் எப்பக்கம் நின்றார் என்று வினவுவோர் உண்டு. சோதிடத்தில் அவருக்கு ஆழ்ந்த ஈடுபாடு இருந்தது. அதே கையால் தருக்கம் பிசகாத கதைகளையும் எழுதினார். தாம் உறுதியாக அறியாத ஒன்றை இல்லை என்று சொல்லவும் அவர் ஒருப்படவில்லை. அதனைக் காட்டிப் பிறரை மிரட்டவும் ஒருப்படவில்லை. பியோம்கேஷும் மலையிலிருந்து இறங்கிய பின் ஆவி வழிபாட்டாளராகிவிடவில்லை. அடுத்த வழக்குகளில் வழக்கம் போல மண்ணையும் மனத்தையுமே ஆராய்ந்தார்.

இறந்த காலத்தோடு உரையாடல்

மறைந்தோரோடு பேசும் வேட்கை அவரிடம் பேய்க் கதையோடு நிற்கவில்லை. முற்பிறவி நினைவு கொண்டோர் தாமே கதை கூறுவதாகச் சிறுகதைகள் எழுதினார். வரலாற்றுப் புதினங்களிலும் அதே வேட்கையே விரிந்தது. ‘காலேர் மந்திரா’, ‘கௌர்மல்லார்’, ‘துமி சந்தியார் மேக்’, காளிதாசனைப் பாத்திரமாக்கிய ‘குமாரசம்பவேர் கவி’ என வரிசையாக வந்தவற்றுள் ‘துங்கபத்ரார் தீரே’ தலையாயது. இரண்டாம் தேவராயர் ஆண்ட விசயநகரத்துக்குக் கலிங்க இளவரசி நீர்வழியே வருவதில் தொடங்கும் அப்புதினம் 1965இல் வெளிவந்து, 1967இல் இரவீந்திரர் பெயரால் வங்க அரசு வழங்கும் பரிசைப் பெற்றது. மராத்திய மண்ணில் வாழ்ந்த நன்றிக் கடனாகச் சிவாஜி காலத்துச் சிறுவன் சதாசிவனைக் கொண்டு பிள்ளைகளுக்கும் எழுதினார்.

பரிசு வரலாற்றுப் புதினத்துக்குக் கிடைத்தது. புகழைத் தந்தவரோ பியோம்கேஷ். துப்பறியும் கதையை இலக்கிய முற்றத்தில் ஏற்றுவதில் திறனாய்வாளர்க்கு அன்றும் தயக்கம் இருந்தது, இன்றும் தீர்ந்தபாடில்லை. சரதிந்து அதற்காக வாதாடவில்லை. எழுத்திலேயே விடை சொன்னார். தொடக்கத்தில் சாதுபாஷை எனப்படும் ஏட்டு நடையில் எழுதியவர், பின்னர்ப் பேச்சுக்கு நெருங்கிய நடைக்கு மாறினார். 1964இல் ‘ரூம் நம்பர் துய்’ கதையிலிருந்து அஜித்தைக் கதை சொல்லும் பொறுப்பிலிருந்தும் விடுவித்துப் படர்க்கையில் எழுதினார். அறுபத்தைந்து வயதில், வெற்றி கண்ட ஒரு முறையைக் கைவிட்டுப் புதியதைப் பயிலுதல் துணிவுடைய கலைஞர்க்கே இயலும்.

1967இல் சத்யஜித் ராய் ‘சிடியாகானா’வைப் படமாக்கினார். உத்தம் குமார் பியோம்கேஷாக நடித்தார். அதே ஆண்டில் வெளிவந்த ‘சஜாருர் காண்டா’ முள்ளம்பன்றியின் முள்ளால் கொல்லும் ஒருவரைப் பற்றியது. எனினும் நெஞ்சில் நிற்பது அதனுள் ஓடும் ஒரு மணவாழ்வின் துயரமே. 1993இல் பாசு சட்டர்ஜியின் இயக்கத்தில் தூர்தர்ஷன் ஒளிபரப்பிய தொடரால், வங்கம் அறியாத வீடுகளிலும் பியோம்கேஷ் நுழைந்தார். 2015இல் திபாகர் பானர்ஜியின் இந்திப் படமும் வந்தது. ஆசிரியர் அவற்றைக் காண இல்லை.

முடியாத வழக்கு

1970ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள், எழுபத்தோராம் வயதில் சரதிந்து மறைந்தார். அவர் மேசையில் ‘விசுபால் வதம்’ என்னும் கதை பாதியில் நின்றது. முற்றுப் பெற்ற பியோம்கேஷ் கதைகள் முப்பத்திரண்டு. இது முப்பத்து மூன்றாவது. நாடகம் நடந்துகொண்டிருக்கும்போதே மேடையில் நடிகர் ஒருவர் இறக்கிறார். கொன்றவர் யார் என்று சொல்லும் முன் எழுதுகோல் ஓய்ந்தது.

விடை அறிந்தவர் ஒருவரே. அவரும் மறைந்தவர் பக்கம் சேர்ந்துவிட்டார். பின்வந்த எழுத்தாளர் ஒருவர் அக்கதையை முடித்து வைத்தார் என்றாலும், அது அவர் கண்ட விடை. சரதிந்துவின் விடை அன்று. வாழ்நாள் முழுவதும் மாண்டவர்க்காகப் பேசும் மெய்தேடியைப் படைத்தவர், இறுதியில் தம் பொருட்டு அவ்வாறு பேச வேண்டிய நிலையில் வாசகரை விட்டுச் சென்றார். அந்தக் கையெழுத்துப் படியின் கடைசி வரியில் பியோம்கேஷ் இன்னும் விசாரணையை முடிக்கவில்லை. வழக்குத் திறந்தே இருக்கிறது.